உலையும் மேடையும்

மின்தூண்டல் கண்டுபிடிக்கப்பட்டு நூறாண்டு ஆனதை ஒட்டி 1931-இல் மைக்கேல் ஃபாரடேயை உலகம் கொண்டாடியது. அதே ஆண்டில் ஷெஃபீல்டைச் சேர்ந்த உருக்கு வல்லுநர் ராபர்ட் ஹேட்ஃபீல்ட், பலரும் மறந்துபோயிருந்த இன்னொரு ஃபாரடேயைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்த நூலுக்கு மூலம் ஒரு மரப்பெட்டி. உள்ளே 79 உருக்குத் துண்டுகள். நூறாண்டுகளுக்கு முன்பு ஃபாரடே தன் கையால் உலையில் உருக்கி எடுத்தவை. மாங்கனீசு உருக்கைக் கண்டுபிடித்தவரான ஹேட்ஃபீல்ட், அந்தத் துண்டுகளை அணு அணுவாக ஆராய்ந்தார். ஒன்றில் பிளாட்டினம் இருந்தது, ஒன்றில் ரோடியம், வேறொன்றில் நிக்கல், இன்னொன்றில் குரோமியம். கலப்பு உருக்குகளின் காலம் தொடங்குவதற்கு வெகுமுன்பே, லண்டனில் ஒருவர் அவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து எடுத்து வைத்திருக்கிறார்.

பள்ளிக்கூடப் பாடத்தில் ஃபாரடே என்றால் காந்தமும் கம்பிச்சுருளும்தான். அவர் வாழ்நாளில் செய்த வேலைகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால் வேறு உருவம் தெரிகிறது. 1818 முதல் சில ஆண்டுகள் உருக்கு. 1825-இல் பென்சீன். அதையடுத்து ஐந்தாறு ஆண்டுகள் கண்ணாடி. 1833-இல், சூடு ஏற ஏற மின்சாரத்தை அதிகமாகக் கடத்தும் வெள்ளி சல்பைடு. குறைகடத்தியின் குணத்தை முதலில் குறித்து வைத்தவர் அவர்தான். 1850-களில் தங்கம். ஒரு பொருள் ஏன் இப்படி இருக்கிறது, எதைச் சேர்த்தால் எப்படி மாறும் என்ற கேள்வியை அவர் கடைசிவரை விடவில்லை. அந்தக் காலத்தில் பொருளறிவியல் என்று ஒரு துறை இருந்திருந்தால் அவரை அங்கேதான் உட்கார வைத்திருப்பார்கள்.

இந்த மனிதர் பொதுமக்களுக்கு அறிவியலை எடுத்துச் சொன்னதையும் எல்லோரும் அறிவார்கள். ஆனால் ஆராய்ச்சி ஒரு பக்கம், உரைகள் இன்னொரு பக்கம் என்று பிரித்தே அதைச் சொல்கிறார்கள். இன்றைய ஆய்வு நிறுவனங்களிலும் அப்படித்தான். ஆய்வுக்கட்டுரை எழுதிய நேரம் போக மிச்சமிருந்தால் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசிவிட்டு வரலாம் என்ற மனநிலை இருக்கிறது. ஃபாரடேயின் வாழ்க்கையில் இந்தப் பிரிவுக்கு இடமே இல்லை. அவரை உண்டாக்கியதே பொது உரைகள்தான்.

அப்பா ஜேம்ஸ் ஒரு கொல்லர், உடல்நலம் குன்றியவர். மகனுக்கு எழுதப் படிக்கத் தெரியும், கொஞ்சம் கணக்கு தெரியும், அவ்வளவுதான் பள்ளிப்படிப்பு. பதின்மூன்று வயதில் பிளான்ட்ஃபோர்டு தெருவில் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தான். மறு ஆண்டு அங்கேயே நூற்கட்டுத் தொழில் பழக ஏழாண்டு ஒப்பந்தம். கட்ட வந்த புத்தகங்களைப் படித்தான். அவற்றில் ஒன்று ஜேன் மார்செட் எழுதிய வேதியியல் உரையாடல்கள். லண்டனின் ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி ஆற்றிய உரைகளைக் கேட்டுவிட்டு, முதல் தடவையில் பிடிபடாததைப் பேசிப் பேசிப் புரிந்துகொண்டு, தன்னைப் போன்ற பெண்களுக்காக மார்செட் எழுதிய புத்தகம் அது. படித்த விஷயத்தைக் கையில் அகப்பட்ட சாமான்களை வைத்துச் செய்து பார்த்து, சரிதான் என்று கண்ட பிறகே பையன் அதை நம்பினான்.

அடுத்து ஜான் டேட்டம். வெள்ளித் தட்டான் தொழில் செய்த இவர் தன் வீட்டில் மாலை வேளைகளில் அறிவியல் உரைகள் நடத்தினார். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். அந்தக் காசைக் கொடுத்தவர் அண்ணன் ராபர்ட், அவரும் கொல்லர்தான். சம்மட்டி பிடித்துச் சம்பாதித்த காசில் தம்பி மின்சாரமும் இயக்கவியலும் கேட்டான். ஃபாரடேயின் வாழ்க்கை வரலாறுகளில் ராபர்ட்டுக்கு ஒரு வரிக்கு மேல் கிடைப்பதில்லை. இன்னும் சில வரிகள் அவருக்குச் சேர வேண்டும்.

டேட்டம் வீட்டில் கூடியவர்கள் சிட்டி ஃபிலசாஃபிகல் சொசைட்டி என்று ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். வேலை முடிந்து வந்த இளைஞர்கள் ஒருவருக்கொருவர் ஆசிரியராகவும் மாணவராகவும் இருந்த இடம். பின்னாளில் 1816-இல் ஃபாரடே தன் முதல் அறிவியல் உரையை ஆற்றியதும் அங்கேதான். தலைப்பு, பருப்பொருளின் பொதுப் பண்புகள்.

அதற்கு முன்பே, 1812-இல், புத்தகக் கடைக்கு வாடிக்கையாக வரும் வில்லியம் டான்ஸ் என்பவர், டேவியின் உரைகளுக்கு நுழைவுச்சீட்டு வாங்கிக் கொடுத்தார். நான்கு உரைகள். ஃபாரடே மேல்மாடத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தான், வீட்டுக்கு வந்து விரித்து எழுதினான், படம் வரைந்தான், பிறகு தான் பழகிய தொழிலைக் காட்டி அழகாகக் கட்டி டேவிக்கே அனுப்பிவைத்தான். 1813 மார்ச்சில் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் வேலை கிடைத்தது. வாரம் 25 ஷில்லிங், மாடியில் இரண்டு அறைகள், எரிக்கக் கரி, ஏற்றி வைக்க மெழுகுவத்தி.

சரி, உருக்குக்கு வருவோம். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் லண்டனில் கத்தியும் அறுவைக் கருவிகளும் செய்து விற்றவர். தென்னிந்தியாவிலிருந்து போன உருக்குக் கட்டிகளை ஆங்கிலேயர் ‘வூட்ஸ்’ என்று அழைத்தார்கள். அதில் செய்த கத்தியின் கூர்மை வேறு எதிலும் வராது என்பது ஸ்டோடார்ட்டின் அனுபவம். அந்த உருக்கில் அப்படி என்னதான் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க அவரும் ஃபாரடேயும் கைகோத்தார்கள். 1819-இல் ஃபாரடே வூட்ஸைப் பகுத்துப் பார்த்து எழுதினார். சிலிக்காவும் அலுமினாவும் சிறிதளவு தென்பட்டன. அலுமினியம்தான் ரகசியம் என்று முடிவு கட்டினார்.

அந்த முடிவு தவறு. ரகசியம் கரிமத்தில் இருந்தது. சேலம் பகுதி உலைகளை அருகிலிருந்து பார்த்தவர் ஜோசையா ஹீத். பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவியவர். நம் ஊர்க் கொல்லர்கள் செய்த முறையை அவர் விவரித்திருக்கிறார். தேனிரும்பைத் துண்டு துண்டாக வெட்டி, மண் மூசைக்குள் போட்டு, கூடவே காய்ந்த ஆவாரங்கட்டைச் சீவல்களைச் சேர்த்து, மேலே எருக்கிலையை மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து உலையில் வைப்பார்கள். துருத்தி ஓய்ந்து மூசை ஆறியதும் உடைத்தால் உள்ளே உருக்குக் கட்டி இருக்கும். ஆவாரையும் எருக்கும் கரிமத்தைக் கொடுத்தன. காற்றுப் புகாத மூசைக்குள் அது இரும்பில் ஊறி இறங்கியது. எவ்வளவு கட்டை, எத்தனை இலை, எவ்வளவு நேரம் என்பது கொல்லர்களின் கைப்பழக்கத்தில் இருந்தது. லண்டன் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தது குளிர்ந்த கட்டி மட்டும்தான். அதைச் செய்த கைகளும் சொன்ன வாயும் கூடப் போகவில்லை. செய்தவரிடம் கேட்க வழியில்லாமல் செய்பொருளை மட்டும் வைத்துக்கொண்டு ஊகித்ததில் ஃபாரடே போன்ற ஒருவருக்கே திசை தவறியது.

தவறான ஊகத்தைப் பிடித்துக்கொண்டு போனாலும் வேலை வீணாகவில்லை. எதையெல்லாம் சேர்த்தால் உருக்கு உயர்கிறது என்று அவர்கள் ஒரு பெரிய தேடலில் இறங்கினார்கள். ராயல் இன்ஸ்டிட்யூஷன் அடித்தளத்தில் ஊதுலை கட்டினார்கள். பிளாட்டினம், ரோடியம் போன்ற அரிய உலோகங்களை வேதியியலாளர் வில்லியம் வொல்லஸ்டன் கொடுத்து உதவினார். 500 பங்கு உருக்கில் ஒரு பங்கு வெள்ளி சேர்த்த கலவை நல்ல பலன் தந்தது. ஷெஃபீல்டில் அதைக் கொண்டு பொருள்கள்கூடச் செய்தார்கள். குரோமியமும் சேர்த்தார்கள், ஆனால் மிகக் குறைவாக. துருப்பிடிக்காமல் இருக்க நூற்றுக்குப் பத்துக்கு மேல் குரோமியம் வேண்டும் என்பது தெரிய 1913-இல் ஹாரி பிரியர்லி வர வேண்டியிருந்தது. ஸ்டோடார்ட் 1823-இல் இறந்த பிறகு உருக்கு வேலை நின்றது. துண்டுகள் பெட்டிக்குள் போயின.

1825-ஆம் ஆண்டை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டில்தான் ஃபாரடே ராயல் இன்ஸ்டிட்யூஷன் ஆய்வகத்தின் இயக்குநர் ஆனார். பென்சீனைப் பிரித்ததும் அந்த ஆண்டே. தொலைநோக்கிக்கு நல்ல கண்ணாடி செய்யும் பொறுப்பு தோளில் ஏறியதும் அப்போதுதான். அதே ஆண்டில் நிறுவனத்தின் உறுப்பினர்களை மாலையில் ஆய்வகத்துக்கு அழைத்துச் செய்துகொண்டிருந்ததைக் காட்டத் தொடங்கினார். அடுத்த ஆண்டு முதல் அது வெள்ளிக்கிழமை மாலை உரைகளாக நிலைபெற்றது. சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் உரைகளும் 1825-இல்தான் தொடங்கின. ஃபாரடே 1827 முதல் 1860 வரை 19 தொடர்களை ஆற்றினார். இவை ஒரே மனிதரின் ஒரே ஆண்டுக் கணக்கில் சேர்ந்து வந்தது தற்செயல் என்று தோன்றவில்லை. உலை எரியும் இடத்துக்கே ஆட்களை அழைத்து வருவதுதான் தொடக்கம். மேடை பிறகுதான் வந்தது.

கண்ணாடி வேலை அவரை வாட்டியது. ஈயமும் போரானும் சிலிக்காவும் சேர்ந்த கனமான கண்ணாடி; குமிழியும் கோடும் இல்லாமல் வர வேண்டும். பிளாட்டினத் தட்டில் உருக்கினார், குமிழிகளை வெளியேற்ற உருகிய குழம்பில் பிளாட்டினத் தூளையே தூவினார். உலையைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தவர் பீரங்கிப் படையில் சார்ஜென்ட்டாக இருந்த சார்ல்ஸ் ஆண்டர்சன். ஒரு நாள் ஃபாரடே அவரை வீட்டுக்குப் போகச் சொல்ல மறந்துவிட, விடிய விடிய உலைக்குக் கரி தள்ளிக்கொண்டிருந்தார் என்று ஒரு கதை உண்டு. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவர்தான் ஃபாரடேயின் ஒரே உதவியாளர். தொலைநோக்கிக்கு அந்தக் கண்ணாடி பெரிதாக உதவவில்லை. ஆனால் 1845 செப்டம்பரில், காந்தம் ஒளியைத் தொடுமா என்று பார்க்க ஃபாரடே எடுத்தது பழைய அலமாரியில் கிடந்த அதே கனத்த கண்ணாடித் துண்டைத்தான். காந்தப்புலத்தில் ஒளியின் முனைவாக்கத் தளம் திரும்பியது. வேறு கண்ணாடியில் அந்த விளைவு கண்ணுக்குச் சிக்கியிருக்காது.

மேடைப் பேச்சு ஃபாரடேக்குப் பிறவியில் வந்த வரம் என்று நினைத்துக்கொள்கிறோம். 1813-இல், இருபத்தொரு வயதில், நண்பர் பெஞ்சமின் அபட்டுக்கு அவர் எழுதிய கடிதங்களைப் பார்த்தால் அது எவ்வளவு உழைப்பு என்பது தெரியும். அரங்கம் எப்படி இருக்க வேண்டும், காற்றோட்டம் எப்படி, வெளியேறும் வழி எங்கே, கருவி மேசையில் எங்கே இருக்க வேண்டும், பேசுபவர் கையை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும், ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் கேட்பவருக்கு என்ன ஆகும் என்று பிறர் உரைகளைக் கூர்ந்து கவனித்து எழுதியிருக்கிறார். கண்ணாடியின் குமிழியை ஆராய்ந்த அதே கண்தான் இது. பிறகு பெஞ்சமின் ஸ்மார்ட் என்ற பேச்சுக்கலை ஆசிரியரிடம் காசு கொடுத்துப் பயின்றார். உரை நடக்கும்போது நண்பர் எட்வர்ட் மக்ராத் எதிரில் ஓர் அட்டையோடு உட்கார்ந்திருப்பார். பேச்சு வேகமெடுத்தால் ‘மெதுவாக’ என்று எழுதிய அட்டையை எடுத்துக் காட்டுவார்.

1853-இல் லண்டன் முழுக்க மேசை சுற்றும் பித்து பிடித்திருந்தது. ஆட்கள் வட்டமாக உட்கார்ந்து மேசைமேல் கை வைப்பார்கள். மேசை தானாக நகரும். ஆவி என்பார்கள், மின்சாரம் என்பார்கள், காந்தம் என்பார்கள். மின்சாரத்தின் பெயரும் அடிபட்டதால் எல்லோரும் ஃபாரடேயிடம் கேட்டார்கள். அவர் செய்தது பொருளறிவியல் வேலை. சில அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையில் மென்மையான பசை உருண்டைகளை வைத்தார். அட்டைகள் கொஞ்சம் வழுக்கும், ஆனால் சறுக்கிய இடத்திலேயே நிற்கும். அப்படி ஒரு பதத்தில் பசையைத் தயாரித்தார். விளிம்பில் பென்சிலால் கோடு போட்டார். மேசை முதலில் நகர்ந்தால் அடி அட்டை முந்த வேண்டும், கை தள்ளினால் மேல் அட்டை முந்த வேண்டும். மேல் அட்டைதான் முந்தியிருந்தது. அடுத்து ஒரு வைக்கோல் தண்டை முள்ளாக வைத்து, கை பக்கவாட்டில் தள்ளுவதை உட்கார்ந்திருப்பவர்களே பார்க்கும்படி செய்தார். முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது மேசை நகரவே இல்லை.

அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று ஃபாரடே சொல்லவில்லை. தாங்கள் தள்ளுவது அவர்களுக்கே தெரியாது என்றார். முடிவை டைம்ஸ் நாளிதழுக்கு எழுதினார், கருவியையும் பொதுப் பார்வைக்கு வைத்தார். மக்களின் நம்பிக்கையைக் கேலி செய்யாமல், அவர்கள் கையாலேயே அவர்களுக்கு உண்மையைக் காட்டிய அந்த மரியாதை இன்றைய அறிவியல் பிரசாரகர்கள் பலருக்குக் கைவரவில்லை. மூடநம்பிக்கை எதிர்ப்பு என்றாலே குரலை உயர்த்துவது என்றாகிவிட்ட காலத்தில் அந்த வைக்கோல் முள் நினைவில் இருக்க வேண்டும்.

1855 கிறிஸ்துமஸ் தொடரின் தலைப்பு சாதாரண உலோகங்களின் தனிப் பண்புகள். இளவரசர் ஆல்பர்ட்டும் மகன்களும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்ட காட்சியை அலெக்சாண்டர் பிளெய்க்லி ஓவியமாகத் தீட்டியிருக்கிறார். அடுத்த ஆண்டு முழுக்க ஆய்வகத்தில் தங்கம். தங்க உப்புக் கரைசலில் பாஸ்பரஸைச் சேர்த்தபோது நீர் மாணிக்கச் சிவப்பானது. உற்றுப் பார்த்தாலும் துகள் தெரியவில்லை, ஆனால் ஒளிக்கற்றையைச் செலுத்தினால் பாதை ஒளிர்ந்தது. இது கரைசல் அல்ல, கண்ணுக்கெட்டாத தங்கத் துகள்கள் மிதக்கின்றன என்று 1857-இல் அறிவித்தார். அந்தச் சிவப்பு நீர்க் குப்பிகளில் சில ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இன்னும் இருக்கின்றன. மருந்துக்கடையில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டைகளில் தோன்றும் சிவப்புக் கோடு பெரும்பாலும் அதே நுண்தங்கம்தான்.

இளவரசர் முன்வரிசையில் இருந்தார் என்பதில் ஓர் உறுத்தலும் இருக்கிறது. ராயல் இன்ஸ்டிட்யூஷன் அரங்கின் இருக்கைகள் வசதி படைத்தவர்களுக்கு உரியவை. பிளான்ட்ஃபோர்டு தெருப் பையன் போன்ற ஒருவன் அங்கே வர, நுழைவுச்சீட்டு வாங்கித் தரும் வில்லியம் டான்ஸ் போன்ற இன்னொருவர் தேவை. ஃபாரடே ஏழைகளை ஒதுக்கியவர் அல்ல. ஆனாலும் அவருடைய புகழ்பெற்ற மேடை ஏழைகளின் மேடையாக இருக்கவில்லை. அவரது பேச்சு அரங்கத்தை விட்டு வெளியே வர ஒரு புத்தகம் தேவைப்பட்டது.

அந்தப் புத்தகம், 1860-61 குளிர்காலத்தில் ஒரு மெழுகுவத்தியை வைத்து அவர் ஆற்றிய ஆறு உரைகள். அப்போது வயது 69. ஞாபகம் தடுமாறத் தொடங்கியிருந்தது. வில்லியம் க்ரூக்ஸ் அவற்றைப் பதிப்பித்தார். கப்பல் மூழ்கிப் பல பத்தாண்டுகள் கடலடியில் கிடந்த மெழுகுவத்தியை எடுத்துக் கொளுத்திக் காட்டுகிறார், அது எரிகிறது. சுடர் மேலே இழுக்கும் குளிர்காற்று ஓரத்தை இறுக வைப்பதால்தான் உச்சியில் மெழுகு குழிந்து கிண்ணமாகிறது என்று விளக்குகிறார். அலங்கார வேலைப்பாடு செய்த மெழுகுவத்தியில் அந்த ஓரம் சரியாக அமையாது, ஆகவே அது ஒழுகும். பிறகு வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைச் சுடரின் கருத்த நடுப்பகுதியில் நுழைக்கிறார். மெழுகு ஆவி குழாய் வழியே வருகிறது. மறு முனையில் நெருப்பு வைத்தால் அங்கே இன்னொரு சுடர். எரிவது ஆவிதான், வெளிச்சம் தருவது சுடருக்குள் பழுத்து ஒளிரும் கரித்துகள்தான் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கிறார்கள்.

ஜப்பானில் அகிரா யோஷினோ என்ற சிறுவன் இந்தப் புத்தகத்தைத் தொடக்கப் பள்ளியில் படித்தான். படிக்கச் சொன்னது ஆசிரியை. மெழுகு ஏன் எரிகிறது, திரி எதற்கு என்ற கேள்விகளில் வேதியியல் பிடித்துப்போனது. யோஷினோ அசாஹி கசெய் நிறுவனத்தில் ஆராய்ச்சியாளரானார். ஜான் குட்எனஃப் கண்டறிந்த லித்தியம் கோபால்ட் ஆக்சைடை ஒரு முனையாக வைத்து, மறுமுனைக்கு எதை வைப்பது என்று தேடினார். முதலில் பாலி அசிட்டிலீன், பிறகு கரிமம். 1985-இல் கரிமத்துக்குள் லித்தியம் அயனிகள் பத்திரமாகப் புகுந்து வெளிவரும் மின்கலம் உருவானது. நம் சட்டைப்பையில் இருக்கும் கைபேசி அதில்தான் ஓடுகிறது. 2019-இல் யோஷினோவுக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டதும் ஜப்பானியப் புத்தகக் கடைகளில் மெழுகுவத்திப் புத்தகத்தைத் தேடிக் கூட்டம் வந்தது. 2016-இல் மருத்துவ நோபல் பெற்ற யோஷினோரி ஓசுமியும் இதைச் சிறுவயதில் படித்தவர்.

கிறிஸ்துமஸ் உரைகள் இன்றும் நடக்கின்றன. உரைகள் தொடங்கி நூறாண்டு ஆன 1925-இல் வில்லியம் பிராக் பழைய தொழில்களைப் பொருளாக எடுத்துக்கொண்டார். மாலுமி, கொல்லர், நெசவாளர், சாயக்காரர், குயவர், சுரங்கத் தொழிலாளி ஆகியோரின் வேலையைப் புதிய அறிவியல் எப்படிப் பார்க்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். ஃபாரடேயின் அரங்கில் கொல்லுப்பட்டறை ஒரு தனி உரையாக ஏறியது.

2010-இல் அதே மேடையில் நின்றவர் மார்க் மியோடோனிக். ஜெட் எஞ்சின் உலோகங்களில் முனைவர் பட்டம் பெற்றவர். பதின்பருவத்தில் லண்டன் சுரங்க ரயிலில் ஒருவன் சவரக்கத்தியால் தாக்க, தோல் சட்டையையும் தாண்டி முதுகைக் கிழித்த அந்த மெல்லிய உருக்கு என்ன பொருள் என்ற யோசனையே தன்னை இந்தத் துறைக்குக் கொண்டுவந்தது என்று எழுதியிருக்கிறார். 2013-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவர் தோழர்களோடு திறந்த கூடத்தில், பொருள்களைக் கையால் தொட்டுப் பார்க்கும் நூலகமும் செய்து பார்க்கும் பட்டறையும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன.

அந்தக் கூடத்தின் குழு 2019-இல் ஒரு வேலை செய்தது. வீட்டு உரக்குழியில் மக்கிவிடும் என்று அச்சிட்டு விற்கும் பிளாஸ்டிக் உண்மையில் மக்குகிறதா என்று பார்க்கப் பொதுமக்களை அழைத்தார்கள். பிரிட்டன் முழுக்கச் சுமார் 9,700 பேர் முன்வந்தார்கள். விருப்பமுள்ளவர்கள் அந்தப் பொருள்களைத் தங்கள் தோட்டத்து உரக்குழியில் போட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து, கிளறித் தேடி, மிஞ்சியதைப் படம் எடுத்து அனுப்பினார்கள். 2022-இல் முடிவு வெளியானது. வீட்டில் மக்கும் என்று சான்றிதழ் பெற்ற பிளாஸ்டிக்கில் 60 சதவீதம் முழுமையாக மக்கவில்லை. சான்றிதழ் தரும் ஆய்வகத்தின் வெப்பமும் ஈரமும் சீரானவை; உண்மையான உரக்குழிகள் வீட்டுக்கு வீடு வேறுபட்டவை. இதைச் சொல்ல அந்த வீட்டுக்காரர்கள் தேவைப்பட்டார்கள். வூட்ஸ் கட்டி மட்டும் போய்ச் சேர்ந்த ஃபாரடேயின் ஆய்வகத்துக்குக் கிடைக்காத தகவல் இங்கே கிடைத்தது; ஆய்வுக்கட்டுரையின் தரவே தன்னார்வலர்கள் மண்வெட்டியால் கிளறி எடுத்ததுதான்.